ஷமீமா பூசிய புழுதி

பிளாஸ்டிக் பசையும் மண்ணெண்ணெயும் கலந்தால் ஒரு வாசனை வரும். மூக்கு நுனியில் கொஞ்சம் இனிப்பாகத் தொடங்கி, தொண்டைக்குள் இறங்கும்போது கசந்து, கடைசியில் நெற்றிப்பொட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும் அந்த வாசனை, ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டின் பின்னறையில் வருஷக்கணக்கில் குடியிருந்தது. அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தாள், ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தாள், கடைசியில் அந்த அறையில் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, "உன் டேங்கும் நீயும் அங்கேயே கெடங்க" என்று சொல்லிவிட்டாள். நான் அங்கேயேதான் கிடந்தேன்.

அப்பா டாங்கி செய்கிற தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தார். கடலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் முதன்முறை வீட்டுக்கு வரும்போது, அப்பா ஏதோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தங்கள் ஊருக்கும் ஒன்று மலிவாகக் கிடைக்குமா என்று கேட்பார்கள். அப்பா திருத்தமாட்டார். தொழிற்சாலையைப் பற்றி அவர் வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. நான் எதையாவது கேட்டால், "அதெல்லாம் ஃபேக்டரி கேட்டோட முடிஞ்சுது" என்பார். ஆனால் அவர் பேசாவிட்டாலும் வண்டிகள் பேசின. புது டாங்கிகளை மைதானத்தில் ஓட்டிப் பார்க்கும் நாட்களில் எங்கள் தெருவில் தரை லேசாக முனகும். சமையலறை அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சிணுங்கும். தெருவில் எல்லோரும் அதை "ஓட்டம் வுட்றாங்க" என்பார்கள், பக்கத்து வீட்டில் மாவு அரைப்பதைச் சொல்வதுபோல. அவ்வளவு அருகில் இருந்தும், நான் அதுவரை ஒரு டாங்கியைத் தொட்டதில்லை. பெரிய லாரி ஒன்றின் முதுகில் தார்ப்பாய் போர்த்தியபடி சேக்காடு பக்கமாகப் போகும்போது ஓரமாக நின்று பார்த்ததோடு சரி.

எட்டாம் வகுப்பு தொடங்கிய கோடையில் சேகர் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளின் மேல் மணல்மேட்டில் ஏறி நிற்கும் டாங்கிகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. உள்ளே திறந்தால் டாங்கி இல்லை; காய்கள் காய்த்த கொடிபோல, சின்னச் சின்னப் பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கிற பிளாஸ்டிக் சட்டங்கள்தான் இருந்தன. நான் அவற்றுக்குக் "கொடி" என்றே பெயர் வைத்தேன். நகவெட்டியால் ஒவ்வொன்றாகக் கொடியிலிருந்து வெட்டி எடுத்து, கூட வந்த படத்தாளைப் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். எழுத்துகள் எந்த மொழியென்றே தெரியாது. படங்கள் போதுமானவையாக இருந்தன. சுழலும் மேல்பாகம் எனக்குத் "தலை", பீரங்கிக் குழாய் "மூக்கு", சக்கரங்களைச் சுற்றி வருவது "பட்டை". முடித்து வைத்தால் உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமாக ஒரு டாங்கி நிற்கும்.

முதல் டாங்கியை நான் அவ்வளவு ஒழுங்காக ஒட்டினேன். பசை வெளியே பிதுங்கவில்லை, மூக்கு கோணவில்லை. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டில் மிச்சமிருந்த டப்பியை எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்து, இரண்டு முறை பூசினேன். காய்ந்ததும் பச்சைக் கண்ணாடிபோல மின்னியது. தெருவில் போகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று அதை முன்னறை ஜன்னலில் வைத்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே பார்த்து, "நல்லா இருக்கு" என்றார். பிறகு காப்பி கேட்டார். நாள் முழுவதும் நிஜ டாங்கிகளுக்கு நடுவே நடக்கிற மனிதர் வேறு என்ன சொல்வார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்பது உண்மை.

அந்த வாரமே ஷமீமா வந்தாள்.

அவளுடைய அத்தா ஆவடி மார்க்கெட் தெருவில் சீருடை தைக்கிற டெய்லர். ராணுவ, போலீஸ் முகாம்களில் இருக்கிறவர்களுக்குக் காக்கியும் நீலமும் தைத்துக் கொடுப்பார். அவளுடைய அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைப்பார். எங்கள் வரிசையில் பல வீடுகளுக்கு அவர்தான். குவார்ட்டர்ஸ் மதிலுக்கு வெளியே சேக்காட்டில் வீடு. தைத்த ரவிக்கைகளைச் செய்தித்தாளில் சுற்றி வீடு வீடாகக் கொண்டுவந்து கொடுப்பது ஷமீமாவின் வேலை. என் வயதுதான் அவளுக்கும். பெண்கள் பள்ளியில் படித்தாள். அதற்கு முன் அவளை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

அம்மா ரவிக்கையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஷமீமா ஜன்னலில் இருந்த டாங்கியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாராட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இன்னாடா இது, எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டு வந்தா மாரி கீது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. டாங்கி இப்படித்தான் இருக்கும், என் அப்பா அங்கேதான் வேலை பார்க்கிறார் என்றேன். அவள் அசரவில்லை. அவள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் வண்டிகள் மைதானத்திலிருந்து திரும்புமாம். பட்டையெல்லாம் சேறு அப்பி, உடம்பெல்லாம் புழுதி ஏறி, புகை வருகிற இடத்தில் கருத்துப்போய் வருமாம். "ரோட்ல போவசொல்ல பாத்ததே இல்லியா நீ?" என்று கேட்டாள். தார்ப்பாய் போர்த்தித்தான் பார்த்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை வந்தபோது மடித்த காகிதம் ஒன்றில் எதையோ கொண்டுவந்திருந்தாள். அவள் அத்தா துணியில் கோடு போடுகிற தையல் சாக்கட்டியை உடைத்துப் பொடித்த தூள். மஞ்சளும் வெள்ளையும் கலந்தது. அதோடு எங்கள் வீட்டு வாசலில் கிடந்த செங்கல் துண்டைச் சுரண்டிக் கொஞ்சம் சேர்த்தாள். அம்மாவின் ஸ்டவ்வில் படிந்திருந்த கரியை விரலால் வழித்தாள். என்னிடம் அனுமதி கேட்டாளா என்பது நினைவில்லை, அம்மாவிடம் கேட்டாள். அம்மா, "செய்யேன், என்ன இப்போ" என்றாள். ஷமீமா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் அதன் மினுக்கை மழுக்கினாள். பிறகு பஞ்சில் தூளைத் தொட்டுத் தொட்டு, கீழே அடர்த்தியாகவும் மேலே போகப் போக லேசாகவும் ஒற்றினாள். மூக்கின் நுனியிலும் புகைபோக்கியிலும் கரி. ஆட்கள் கால் வைத்து ஏறும் ஓரங்களில் பென்சில் முனையால் தேய்த்தாள். அந்த இடம் பெயிண்ட் போய் இரும்பு தெரிவதுபோல மங்கிப் பளபளத்தது.

அவள் கீழே வைத்தபோது அது பொம்மையாக இல்லை. எங்கோ நெடுந்தூரம் போய்விட்டு வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக்குக்கு எப்படி எடை வந்தது என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

அன்று மாலை அப்பா செருப்பைக் கழற்றப் போனவர், ஒரு செருப்பைக் கழற்றியபடியே நின்றுவிட்டார். அப்படியே குனிந்து பார்த்தார். உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் பார்த்தார். காப்பி கேட்கவில்லை. "யாரு பண்ணதுடா இது?" என்றார். அம்மா முந்திக்கொண்டு, "டெய்லர் பொண்ணு. அது கையில என்னமோ இருக்கு" என்றாள். அந்த இடத்தில்தான் எனக்கு முதன்முதலாக வயிறு எரிந்தது. வயிறு எரிவது என்றால் வெறும் பேச்சு என்று அதுவரை நினைத்திருந்தேன். தொப்புளுக்கு மேலே, ஒரு மிளகாயை விழுங்கியதுபோல, நிஜமாகவே அங்கே எரிந்தது.

அன்றிலிருந்து யாரும் பேசி வைக்காமலே ஓர் ஏற்பாடு உருவாயிற்று. நான் ஒட்டுவேன், அவள் பூசுவாள். சனிக்கிழமை பள்ளி விட்டதும் ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு, பின்னறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அம்மா இரண்டு பேருக்கும் முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைப்பாள்; ஷமீமாவின் தட்டில் ஒரு முறுக்கு கூடுதலாக இருப்பதாக எனக்குத் தோன்றும். சக்கரங்களைக் கோணாமல் ஒட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பட்டையையும் சூடான ஊசியால் நான் இணைத்தது யார் கண்ணிலும் படவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் டாங்கியைக் கையில் எடுத்ததும் முதலில் விரலைப் பார்ப்பார்கள், புழுதி ஒட்டியிருக்கிறதா என்று. ஒட்டவில்லை என்றதும் சிரிப்பார்கள். பிறகு அவளைப் பற்றிக் கேட்பார்கள்.

நான் அவளிடமிருந்து கற்றுக்கொள்ள எல்லாவற்றையும் செய்தேன். அவள் போன பிறகு அதே தூளை, அதே பஞ்சை எடுத்து, அதே மாதிரி ஒற்றிப் பார்த்தேன். அவள் ஒற்றினால் புழுதி. நான் ஒற்றினால் பவுடர். என் டாங்கிகள் எல்லாம் முகத்துக்குப் பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பியவைபோல நின்றன. எப்படி இவ்வளவு சரியாக வருகிறது என்று வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டுவிட்டேன். அவள் யோசித்துவிட்டு, வண்டி எங்கே போய்விட்டு வருகிறது என்று முதலில் நினைத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஏரிக்கரைப் பக்கம் போயிருந்தால் ஒரு மண், மேட்டுப்பக்கம் என்றால் வேறு மண். அவ்வளவுதானாம். நானும் நினைத்துப் பார்த்தேன். ஏரிக்கரையை நினைத்தால் ஏரிக்கரை மட்டும்தான் மனசில் வந்தது, கைக்கு வரவில்லை.

எதைவிடவும் அதிகமாக என்னை வாட்டியது வேறு. முடித்த டாங்கியைக் கீழே வைத்ததும் அவள் அதை மறந்துவிடுவாள். ஒருமுறைகூட "எனக்கு ஒண்ணு குடு" என்று கேட்டதில்லை. ஒருநாள் நானே பெரிய மனது பண்ணி, எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவள் டாங்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எங்க ஊட்ல வெக்க எடமில்ல, நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பெட்டி என்னுடையது, பசை என்னுடையது, அலமாரி என்னுடையது, மாமா என்னுடையவர். இவ்வளவும் இருக்கிற நான், ஒன்றும் வேண்டாம் என்று போகிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் ஆசைப்பட்டிருந்தால், கெஞ்சியிருந்தால், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தொழிற்சாலையின் கேட் குடும்பங்களுக்குத் திறக்கும். அதுவரை அப்பா எங்களை ஒருமுறையும் அழைத்துப் போனதில்லை. அந்த முறை அப்பா, தன் பிரிவில் பூஜை மேஜையில் வைப்பதற்கு எங்கள் டாங்கிகளில் மிகச் சிறந்ததைக் கேட்டார். அவராகக் கேட்டது அதுதான் முதல்முறை. ஏரிக்கரைச் சேறு பூசிய ஒன்றை நான் சட்டைத்துணியில் பொதிந்து கொடுத்தேன். காலையில் கிளம்பும்போது பார்த்தால் அம்மா ஷமீமாவையும் வரச் சொல்லியிருந்தாள். "அதுவும் பாக்கட்டுமேடா, அது செஞ்சதுதானே" என்றாள். "நானும்தான் செஞ்சேன்" என்று சொன்னது அம்மாவின் காதில் விழவில்லை.

உள்ளே போனதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வரிசையாக மாலை போட்ட இயந்திரங்கள். வாழைக்கன்று கட்டிய கிரேன். ஒவ்வொரு மேஜையிலும் பொரியும் கடலையும் சுண்டலும். திறந்த முற்றத்தில் ஒரு நிஜ டாங்கி, நெற்றியில் குடம் அளவு சந்தனமும் குங்குமமுமாக நின்றது. அதன் பட்டைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் வைத்திருந்தார்கள். நான் போய் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். வெயிலில் சுட்டது. இத்தனை வருஷம் டம்ளர்களை ஆட்டியது இதுதான் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது.

அப்பாவின் பிரிவில் கூட்டமாக இருந்தது. வண்டிகளை ஓட்டிப் பார்க்கிற பிரிவின் அதிகாரி ஒருவர், வடக்கத்திக்காரர், நல்ல உயரம், பூஜை மேஜையில் இருந்த எங்கள் டாங்கியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கைகட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். அதிகாரி உடைந்த தமிழில், "இது யாரு பண்ணது?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், நான் என்ன சொன்னாலும் சரி என்கிற ஒரு சலுகை இருந்தது. எனக்குப் பின்னால் அம்மாவும் ஷமீமாவும் நின்றார்கள்.

"பெயிண்ட் பண்ணது ஷமீமா" என்றேன்.

உத்தமனாக இருந்து நான் அதைச் சொல்லவில்லை. அடுத்து அவர் எப்படியும் 'அப்போ ஒட்டினது யாரு?' என்று கேட்பார் என்று கணக்குப் போட்டு, அதற்கான பதிலை நாக்கில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஷமீமாவைப் பார்த்துச் சிரித்தார், அவளுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பூஜை வண்டி இப்போது ஒரு சுற்று போகப்போகிறது என்றும், அதில் ஒரு குழந்தைக்கு இடம் இருக்கிறது என்றும் சொல்லி, அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

பொரிப் பொட்டலத்தோடு நான் முற்றத்தின் ஓரத்தில் நின்றேன். யாரோ அவளுக்குப் பெரிய தலைக்கவசம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். அது அவள் புருவம்வரை இறங்கியது. டாங்கியின் மேலே தூக்கி நிறுத்தியபோது அவள் என் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தாள். பார்த்தியா என்று கேட்கிறாள் என நினைத்தேன். பிறகு மூடி திறந்த வட்டத்துக்குள் இறங்கிக் காணாமல் போனாள். வண்டி உறுமியது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கிச் சாறு தெறித்தது. எல்லோரும் கைதட்டினார்கள், அப்பாவும். தரை என் செருப்பு வழியாக முழங்கால்வரை அதிர்ந்தது. புழுதிக்குள் அந்த வண்டி திரும்பி வரும்வரை நான் பொரியை ஒவ்வொன்றாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த கடவுள்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்டேன்: அவளுக்கு வாந்தி வரட்டும்.

வரவில்லை. முகமெல்லாம் தூசியும் கண்ணெல்லாம் தண்ணீருமாக இறங்கி வந்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் நான் விடவில்லை. உள்ளே எப்படி இருந்தது, என்ன தெரிந்தது, எங்கே உட்கார்ந்தாய் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். முதலில் ஒன்றிரண்டு வார்த்தைதான் சொன்னாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லத் தொடங்கினாள். உள்ளே முழுக்க வெள்ளைப் பெயிண்ட்டாம், ஆஸ்பத்திரி மாதிரி. சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மரங்கள் குதித்துக் குதித்து வருமாம். திருப்பத்தில் தூரத்தில் ஸ்டேஷனும், அதில் ஒரு ரயில் நகர்ந்து போவதும் தெரிந்ததாம். வண்டி ஓட்டுகிறவரின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருந்ததாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு எல்லாம் கண்முன் தெரிந்தது. தெரியத் தெரிய எரிந்தது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பொரி தின்றே வயிறு நிறைந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

அடுத்து ஒட்டிய டாங்கியில், தலையை மூடுவதற்கு முன்னால் ஷமீமா அதைக் கேட்டு வாங்கி, உள்பக்கத்தில் வெள்ளை அடித்தாள். மூடிவிட்டால் யாருக்கும் தெரியாதே என்றேன். "உள்ள அப்டித்தான் கீது, அப்புறம் இன்னா?" என்றாள். அந்தத் தலையை ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. சில நாட்கள் திறந்தே வைத்திருந்து, உள்ளே பார்த்துப் பார்த்து, பிறகுதான் ஒட்டினேன். அதன்பின் நான் ஒட்டிய எந்த டாங்கியையும் உள்ளே வெள்ளை அடிக்காமல் மூடியதில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவளுடைய அத்தா கடையைப் பூந்தமல்லிக்கு மாற்றினார். குடும்பமும் போயிற்று. போகிற நாளில் அவள் அம்மாதான் வந்து சொல்லிக்கொண்டு போனார். ஷமீமா சாமான் வண்டியில் முன்னாலேயே போய்விட்டிருந்தாள். இனிப் பின்னறை முழுக்க எனக்கே என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அடுத்த டாங்கிவரை நீடித்தது.

பிறகு படிப்பு, வேலை, அம்பத்தூரில் மென்பொருள் கம்பெனி, அங்கேயே ஒரு அடுக்குமாடி வீடு, கல்யாணம், ஒரு மகள். அப்பா ஓய்வுபெற்றுச் சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தார். டாங்கியை மட்டும் நான் விடவில்லை. இப்போது என்னிடம் காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கிற கருவி இருக்கிறது. புழுதிக்கென்றே, துருவுக்கென்றே, சேற்றுக்கென்றே தனித்தனிப் புட்டிகள் இருக்கின்றன. இணையத்தில் எங்களைப்போன்றவர்களின் குழு ஒன்றில் என் டாங்கிகளின் படங்களுக்கு நல்ல பெயர். எத்தனையோ பேர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். நான் விளக்குகிறேன். விளக்கி முடித்துவிட்டு அலமாரியைப் பார்த்தால், பழைய பச்சை டாங்கி ஒன்று, தையல் சாக்கட்டித் தூள் பூசியது, மற்ற எல்லாவற்றையும் பொம்மையாக்கிவிட்டு அங்கே நிற்கும். முப்பது வருஷத்துக்கு மேலாக நான் ஒவ்வொரு வண்டியையும் அவளோடு போட்டி போட்டுத்தான் பூசினேன். அவள் எங்கே இருக்கிறாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷமீமா எங்கள் வீட்டுக்கு வந்தாள், மகளின் கல்யாணப் பத்திரிகையோடு. சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரம் அவளும் கணவருமாக டயர்க் கடை நடத்துகிறார்கள். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். பிறகு என் அறை வாசலில் வந்து நின்று, அலமாரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னும் இத்த வுடலியா நீ?"

காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள், என் அப்பா முதல் டாங்கியைப் பார்த்துச் சொன்ன அதே குரலில். பச்சை டாங்கியை அவள் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. நீ பூசியது என்று நான் சொன்னதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்து, "நானா" என்றாள். அந்த ஆயுத பூஜையை நினைவுபடுத்தினேன். அன்று எனக்கு எப்படி வயிறு எரிந்தது என்பதையும், எத்தனை வருஷம் எரிந்தது என்பதையும், இந்த வயதில் என்ன வெட்கம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"நா கண்ணத் தொறக்கவே இல்லப்பா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த மூடிய மூடுனாங்க பாரு, அப்ப மூடுன கண்ணு. எறக்கி வுட்றவரைக்கும் தொறக்கல. அவ்ளோ பயம். நீ உம்பேரத்தான் சொல்லுவேன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நா தப்பிச்சிருப்பேன். மேல நிக்க வெச்சப்போகூட, அவளுக்கு பதிலா நா வர்றேன்னு நீ சொல்லமாட்டியான்னு உன்னத்தான் பாத்தேன்."

அப்படியானால் குதித்துக் குதித்து வந்த மரங்கள், ஸ்டேஷனில் நகர்ந்த ரயில், அந்தக் கறுப்புக் கயிறு எல்லாம் என்ன என்று கேட்டேன்.

"நீதான் வழியெல்லாம் கேட்டுகினே வந்தியே. ஒண்ணும் பாக்கலன்னு சொன்னா அழுதுடுவ போல கீது மூஞ்சி. அதான் சொன்னேன்." பிறகு, ஏதோ மிச்சம் வைக்கக் கூடாது என்பதுபோல, "வெள்ள மட்டும் நெசம். எறங்கசொல்ல பாத்தேன்" என்றாள்.

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அம்மா என்னவென்று கேட்டுக்கொண்டே வந்தாள். சொன்னோம், அவளுக்குப் பாதிதான் கேட்டது, இருந்தாலும் சிரித்தாள். கல்யாணத்துக்குக் கட்டாயம் எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு ஷமீமா கிளம்பினாள். லிஃப்ட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

ஒரு வேலையாகப் போன வாரம் ஆவடிக்குப் போயிருந்தேன். நாங்கள் இருந்த வரிசையில் யாரும் குடியில்லை. கதவு நிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள், சுவர் வெடிப்புகளில் அரசங்கன்றுகள் முளைத்திருக்கின்றன. எங்கள் பின்னறை ஜன்னலுக்குக் கம்பிகூட இல்லை. சேக்காட்டில் அவர்கள் இருந்த வீட்டின் இடத்தில் கீழே வண்டி நிறுத்துமிடத்தோடு ஐந்து மாடிக் கட்டடம். மார்க்கெட் தெருவில் சீருடைகள் ரெடிமேடாகத் தைத்தே தொங்குகின்றன. வெகுநேரம் நின்று பார்த்தேன், ஓட்டம் விடுகிறார்களா என்று. பேருந்துச் சத்தத்தில் ஒன்றும் பிரித்தறிய முடியவில்லை.

இவையெல்லாம் போகும் என்று எதிர்பார்த்தவைதான். எதிர்பார்க்காத ஒன்றும் போய்விட்டது. ஷமீமா வந்துபோன மறுநாள், பாதியில் நின்றிருந்த ஒரு டாங்கிக்குப் புழுதி பூசலாம் என்று உட்கார்ந்தேன். புட்டியைத் திறந்தேன், பஞ்சை எடுத்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் தொப்புளுக்கு மேலே மெல்ல மூண்டு, கையைப் பிடித்துத் தள்ளுகிற அது வரவில்லை. கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன். பயந்துபோய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணின் முகம்தான் வந்தது. அவள்மேல் எப்படிப் பொறாமைப்படுவது?

புட்டியை மூடி வைத்தேன். அந்த டாங்கி இன்னும் மேஜைமேல் அப்படியே நிற்கிறது, சேறும் புழுதியும் படாமல். எப்போது முடிப்பீர்கள் என்று மகள் கேட்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை பூந்தமல்லியில் கல்யாணம்; அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அது முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.